தெளியாத நீர்

பாட்டிலில் இருந்த நீர் இன்னும் தெளியவில்லை.

பிஸ்கட்டவே நகர வீட்டின் சமையலறை ஜன்னலோரம் நான்கு மாதமாக அது அசையாமல் இருந்தது. பாலில் மயில்கழுத்து நீலத்தைக் கரைத்தாற்போன்ற நிறம். அலாஸ்காவின் பனியாற்று ஏரியில் லத்தீஃபாவின் கணவன் ஹசன் ஆய்வுக்காகக் கடைசியாக எடுத்த சாம்பிள். அன்று மாலை படகு கவிழ்ந்தது. கரையில் விட்டிருந்த பை வீடு வந்தது. ஹசன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை.

அந்த நிறம் ஏன் என்று அவன் போனில் சொல்லியிருந்தான். "பனி நகரும்போது அடியில இருக்கிற பாறைய மாவா அரைச்சிடும். அது மிதக்கிறதாலதான் ப்ளூவா தெரியுது. அசையாம வெச்சா கொஞ்ச வாரத்துல செட்டில் ஆயிடும், லத்தீஃபா. அப்புறம் வெறும் தண்ணிதான்."

அது செட்டில் ஆகவில்லை. ஐந்து வயது மகளைக் கேட்டாள்.

"ஃபைஹா, அத்தாவோட பாட்டில நீ ஷேக் பண்ணுனியா?"

"நோ, அம்மா."

அலமாரியின் உச்சியில் ஏற்றி வைத்தாள். மறுநாள், ஹீட்டரின் முனகலும், கூரைப்பனி உருகிச் சொட்டும் ஓசையும், எங்கிருந்தோ கிளம்பிய ஈரக்கல் வாசனையுமாகக் கிடந்த சனிக்கிழமை மதியத்தில், ஸ்டூல் போட்டு ஏறி எட்டிப் பார்த்தபோது, பாட்டிலுக்குள் வெண்ணீலப் புகை ஒரே திசையில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. யாரோ உள்ளிருந்து கரண்டியால் கலக்குவதுபோல.

பாத்ரூம் டப்பில் கொட்டிவிட்டாள். குழாயைத் திறந்து கடைசிச் சொட்டுவரை கழுவினாள். அவனையே கொட்டியதுபோல் இருந்தது. உட்கார்ந்து அழுதாள்.

மாலையில் அதே டப்பில் மகளுக்கு வெந்நீர் பிடித்துவிட்டு டவல் எடுக்கப் போனாள். திரும்புவதற்குள் குரல் கேட்டது.

"அம்மா! ப்ளூ வாட்டர்!"

டப் நிறைய அந்த நிறம். ஆவி இல்லை. ஃபைஹா வெளியே மண்டியிட்டு, தோள்வரை கையை உள்ளே விட்டிருந்தாள்.

"கைய எடு!"

"ஐ கான்ட். அத்தா பிடிச்சிருக்காங்க."

லத்தீஃபா மகளின் இடுப்பைப் பற்றி இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். குழந்தையின் கன்னம் நீரைத் தொட்டது.

தன் கையை உள்ளே விட்டாள். முழங்கை. தோள். அடி தட்டுப்படவில்லை. முழங்கால் உயர டப்.

பனிக்குளிர்.

துழாவினாள். மகளின் சின்ன விரல்கள் கிடைத்தன. அவற்றின் இடுக்குகளில் பின்னிக் கிடந்தன, பெரிய விரல்கள்.

அவை மெல்லப் பிரிந்தன. லத்தீஃபாவின் கையைத் தடவிப் பார்த்தன.

பிடித்துக்கொண்டன.