இரண்டு மணிக்கு முன் பத்து நிமிடம்

தூத்துக்குடிக் கடலடியில் பன்னிரண்டு எஃகுக் கலங்கள் கிடந்தன. மாவட்டத்தின் மருத்துவமனை, படகுத்துறை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்தக் கலங்களுக்குள் இருந்த சர்வர்களில்தான் ஓடின. சூட்டைக் கடல்நீர் வாங்கிக்கொண்டது. தீப்பிடிக்காமலிருக்க உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருந்தார்கள். பழுது பார்க்க மனிதர் இறங்கும்போது மட்டும் மூச்சுவிடக் காற்றை உள்ளே செலுத்துவார்கள்.

கரையில் மூன்று இயந்திரங்கள். கலங்களின் சூடு, காற்று, அழுத்தம் எல்லாவற்றையும் பார்ப்பது கண்காணி. அது சொன்னதை ஒரு வரி விடாமல் வைத்திருப்பது பதிவகம். பதிவகத்தைப் படித்து, எந்த எச்சரிக்கை மனிதர் காதுக்குப் போகவேண்டும் என்று முடிவு செய்வது பகுப்பி. மூன்றையும் எட்டு மாதங்களுக்கு முன் இணைத்தவள் பிலோமினா. பத்தாண்டுப் பதிவுகளை அள்ளிப் பகுப்பிக்குப் படிக்கக் கொடுத்தவளும் அவள்தான். அதன்பின் கட்டுப்பாட்டறையில் மணிச்சத்தம் அநேகமாக நின்றுபோனது. எல்லோரும் அவளைப் பாராட்டினார்கள். அங்கேயே தொழில்நுட்பராக இருந்த அவள் கணவன் கஸ்பார், இனி மத்தியானம் நிம்மதியாகத் தூங்கலாம் என்று கேலி செய்தான்.

கஸ்பார் ஏழாம் கலத்துக்குள் இறந்து முப்பது நாள் ஆகியிருந்தது. நினைவுப் பூசை முடிந்த மறுநாள் அவள் வேலைக்குத் திரும்பினாள்.

மேலாளர் திரவியராஜ் அவளுக்காகவே காத்திருந்தார். காற்று வால்வைச் சரிபார்க்காமல் கஸ்பார் உள்ளே போனதாக விசாரணை முடிந்துவிட்டது. ஆனால் ஏழாம் கலத்தின் எச்சரிக்கை ஒன்று பதிவகத்தில் இன்னும் திறந்தே கிடந்தது. திறந்த எச்சரிக்கை ஒன்று இருந்தாலும் எந்தக் கலத்திலும் ஆள் இறங்கக் கூடாது என்பது விதி. இணைப்புக்குப் பொறுப்பான அவள் கையெழுத்திட்டு மூடினால், இரண்டு மணிக்கு அடுத்த குழு அதே கலத்தில் இறங்கலாம்.

அவள் அந்த வரியைத் திறந்து படித்தாள். கஸ்பார் இறந்த நாள், பிற்பகல் 1.52. ஏழாம் கலம், உயிர்வளி குறைகிறது. கண்காணி பார்த்திருக்கிறது, பதிவகம் எழுதியிருக்கிறது. அப்படியிருந்தும் மணி ஒலிக்கவில்லை.

ஏன் என்று பகுப்பியிடம் கேட்டாள். உடனே பதில் வந்தது: “பணிமாற்றத்துக்கு முந்தைய பத்து நிமிடங்களில் இதுவரை 41,306 எச்சரிக்கைகள். அனைத்தும் ‘பார்த்தாயிற்று’ என்று மூடப்பட்டவை. பழுது எதிலும் கண்டறியப்படவில்லை. எனவே அறிவிக்கவில்லை.”

‘பார்த்தாயிற்று’ என்று மூடுவது அந்த அறையின் வழக்கம். திறந்த எச்சரிக்கையோடு அடுத்த ஷிப்டுக்காரர் தலையில் வேலையைக் கட்டிவிட்டுப் போவது மரியாதையில்லை. அதனால் கிளம்புமுன் எல்லாவற்றையும் பார்க்காமலே மூடுவார்கள். உண்மையான பழுது அடுத்த ஷிப்டில் மறுபடி ஒலிக்கும், அப்போது பார்த்துக்கொள்ளலாம். அவளும் அப்படித்தான் மூடினாள். கஸ்பாரும்தான்.

இரண்டாவதுமுறை ஒலிக்கும்வரை ஒரு மனிதனால் மூச்சடக்கியிருக்க முடியாது.

இரண்டு மணி ஷிப்டுக்குச் செல்வரதி சாப்பாட்டுப் பையோடு வந்தாள். திரையில் சிவப்பு வரியைப் பார்த்ததும் நின்றாள்.

“என்னக்கா, ஒண்ணு தெறந்து கெடக்கு?”

“கெடக்கட்டும். அப்படியே வாங்கிக்க.”

திரவியராஜ் எழுந்து வந்தார். “தெறந்த எச்சரிக்கையோட யாராச்சும் ஷிப்ட ஒப்படைப்பாங்களாம்மா? ஒரு மரியாத வேண்டாமா?”

“அந்த மரியாததான் சார் அவர முடிச்சிச்சு. நான் மூட மாட்டேன்.”

பகுப்பியின் பதிலைச் செல்வரதி குனிந்து இரண்டுமுறை படித்தாள். இறங்கத் தயாராய் நின்ற குழுவில் அவள் தம்பியும் இருந்தான். பையைக் கீழே வைத்துவிட்டு, ‘திறந்த நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டாள். மேலாளர் பக்கம் திரும்பவேயில்லை.

அந்த அறையில் அப்படி ஒரு வரி அதுவரை எழுதப்பட்டதில்லை. விதிவிலக்கே இல்லாத பழக்கத்தை உண்மை என்று எடுத்துக்கொண்டிருந்தது பகுப்பி. இப்போது விதிவிலக்கு ஒன்று வந்துவிட்டது. அது தான் படித்த பாடத்தை முதலிலிருந்து சோதிக்கத் தொடங்கியது. பழைய எச்சரிக்கைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. பத்து, ஐந்நூறு, நாற்பத்தோராயிரம். ஒவ்வொன்றின் கீழும் மூடியவர் பெயரும் ஒரு கேள்வியும்.

முதல் வரி: “மூடியவர் பிலோமினா. அன்று என்ன பார்த்தீர்கள்?”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். “ஒன்றும் பார்க்கவில்லை” என்று எழுதினாள். வரி மூடிக்கொண்டது. அடுத்ததற்கும் அதையே எழுதினாள். மேலாளர் தொழில்நுட்பராக இருந்த காலத்து வரிகளும் வந்தன. அவர் வியர்வையைத் துடைத்தபடி பக்கத்துத் திரையில் அமர்ந்து அதே இரண்டு சொற்களை எழுத ஆரம்பித்தார்.

பிறகு அந்தப் பெயர் வந்தது. “மூடியவர் கஸ்பார். அன்று என்ன பார்த்தீர்கள்?”

மூடியவர் மட்டுமே பதில் சொல்லலாம் என்பதும் விதி. அவன் பெயரில் இரண்டாயிரத்து நூற்றுப் பதினெட்டு வரிகள். அவை திறந்திருக்கும்வரை பன்னிரண்டு கலங்களில் எதிலும் ஆள் இறங்க முடியாது.

திரவியராஜ் குரலைத் தாழ்த்தினார். “நீ அவரு சம்சாரம்தானம்மா. அவருக்குப் பதிலா நீயே எழுதி மூடிரேன். வால்வு விஷயத்த நான் திரும்ப விசாரிக்கச் சொல்லுறேன்.”

பிலோமினா விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“கேள்வி அவர்ட்டதான சார் கேட்டிருக்கு. பதிலும் அவர்ட்டயே வாங்கிக்கிடுங்க.”