கோபமே அறியாதவர்

வாசகப் பெருமக்கள் முதற்கண் என்னைப் பொறுத்தருள வேண்டும். கதை எழுதும் தகுதி எனக்கு உண்டா என அறியேன். ஆயினும், இதைச் சொல்லாதிருக்க அஞ்சியே எழுதத் துணிந்தேன்.

இதய அறுவைக்கு முந்திய மாலை, தணிகாசலம் மருத்துவமனைக் கட்டிலில் அமர்ந்து நினைவொழுங்கி என்னும் கருவியின் திரையை நோக்கியிருந்தார். தாம் எவ்வாறு நினைக்கப்பட வேண்டும் என்பதை ஒவ்வொருவரும் ஒரே தொடரில் பதிந்துவைக்கும் காலம் அது. உறவினர் காதின் பின்புறம் பொருத்தப்படும் செவிமணி, அத்தொடருக்கு ஒவ்வாத நினைவுகளையெல்லாம் கரைத்துவிடும்.

அவர் பதிந்தது: 'கோபமே அறியாதவர்.'

மனைவி வேதவல்லி எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "ஏங்க, இது உங்களுக்கே அடுக்குமா? சாம்பார்ல உப்பு கம்மின்னு நேத்து இந்த ஆஸ்பத்திரியையே ரெண்டு பண்ணீங்களே!"

"அதனாலதான் வேதா. நான் திரும்பி வரலைன்னா, அந்தக் கத்தலா உன் மனசுல நிக்கணும்?"

"நின்னுட்டுப் போகட்டும். கத்தாத ஆளை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

அவள் குரல் உடைந்தது. ஆயினும் அவர் கெஞ்சியதால் செவிமணியை அணிந்துகொண்டாள். அறுவை தொடங்கிய வேளையில், அவர் பிழைப்பாரா எனக் காத்திராமல், அதுவும் தன் பணியைத் தொடங்கியது.

தணிகாசலம் பிழைத்தார். கண் விழித்தபோது வேதவல்லி அறைவாசலிலேயே தயங்கி நின்றாள்.

"உள்ள வா, வேதா."

"வணக்கம்ங்க. உங்களை எங்கேயோ பார்த்திருக்கேன். ஒரு மழை நாள்ல எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவர்தானே நீங்க?"

செவிமணி செய்த வேலை அவருக்குப் புரிந்தது. கரூர்ப் பேருந்தில் சன்னலோர இருக்கைக்காகச் சண்டையிட்டே அவர்கள் அறிமுகமாயினர். தம் தந்தையிடம் சீறியே அவளை மணந்தார். அத்தனை ஆண்டு இல்லறத்தில் அவர் குரல் உயராத நாள் அந்த மழை நாள் ஒன்றுதான் போலும்.

"அவ செவிமணியைக் கழற்றுங்கம்மா!" என்று செவிலியிடம் மன்றாடினார்.

"போட்டிருக்கிறவங்கதான் கேட்கணும் சார். நீங்க அவங்களுக்கு யாருன்னு அவங்க வாயாலேயே சொல்லணும். அதுதான் விதி."

"வேதா! நான் உன் புருஷன்டி!" என்று அவர் கத்தினார்.

அக்குரலில் அவள் திடுக்கிட்டாள். கண்களில் ஏதோ சுடர்ந்தது. "ஏங்க..." என்று உதடுகள் அசைந்தன.

செவிமணி மினுங்கியது. சுடர் அணைந்தது.

"வணக்கம்ங்க. உங்களை எங்கேயோ பார்த்திருக்கேன்."

அவர் இரு கைகளாலும் தம் வாயைப் பொத்திக்கொண்டார்.

இழந்தவை: பேருந்தில் ஒரு சன்னலோர இருக்கை. தந்தையோடு ஒரு சண்டை. உப்புக் குறைந்த சாம்பார். 'ஏங்க' என்னும் ஒரு சொல்.

எஞ்சியது ஒரு குவளைக் காப்பி.