சோப்புக் குமிழி

கோட்டுச்சேரி சாலையில் இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரிக்கு ஒரு சாதனைச் செய்தி எழுதத்தான் போனேன். பட்டப்பகல். பேராசிரியர் தெட்சிணாமூர்த்தி வாசலிலேயே நின்று, புகைப்படத்துக்காகத் தலை சீவிக்கொண்டிருந்தார்.

சாண எரிவாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரிக்கும் பாலிமர் சவ்வுதான் அவருடைய சாதனை. அதை வார்த்தவன் செம்பியன் என்ற ஆராய்ச்சி மாணவன். கடல்காற்றின் ஈரம் பட்டால் சவ்வு வெளுத்துவிடும் என்று, எக்ஸாஸ்ட் ஃபேன் துளையை டேப் ஒட்டி அடைக்கச் சொன்னது மட்டுமே இவர் பங்கு. சோதனையில் வெளியேறிய வாயு மூடிய அறைக்குள் தேங்கியது. செம்பியன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துபோனான்.

"பையனுக்கு ஏற்கெனவே நெஞ்சு வீக்குங்க," என்றார். "ஆனா சவ்வப் பாருங்க, கண்ணாடி மாதிரி!"

டேப் இன்னும் அப்படியே இருந்தது. நாற்காலி இப்போது அடுத்த ஆராய்ச்சி மாணவி கீர்த்திகாவுக்கு.

அவள் உள்ளே போகவில்லை. கதவருகே நின்று, மேசைமேல் இருந்த கண்ணாடிக் குழாயைக் காட்டினாள். சவ்வைக் கடந்துவரும் வாயு அதற்குள் ஒரு சோப்புக் குமிழியை மேலே தள்ளும். அது ஏறும் வேகம்தான் கணக்கு.

குமிழி ஏறியது.

நின்றது.

இறங்கியது.

"சிலிண்டர் மூடியிருக்கு சார்," என்று கிசுகிசுத்தாள். "வாயு வந்தாலும் ஏறத்தான் செய்யும். எறங்காது."

"எங்கயாவது லீக் இருக்கும். போயி உக்காரும்மா."

"டேப்பப் பிரிங்க சார், உக்கார்றேன்."

"சவ்வு கெட்டுப்போனா ஒங்கப்பனா வந்து வார்த்துத் தருவாரு?" என்னைப் பார்த்துச் சிரித்தார். "இதெல்லாம் எழுதாதீங்க."

தைரியத்தைக் காட்ட, தானே உள்ளே போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

குமிழி வேகமெடுத்தது.

அவர் வாய் திறந்தது. எழ முயன்றார். யாரும் அவரைப் பிடித்து அழுத்தவில்லை, ஆனாலும் முடியவில்லை.

கீர்த்திகா மூச்சை அடக்கிக்கொண்டு பாய்ந்தாள். டேப்பைக் கிழித்து ஃபேனைப் போட்டாள். இருவருமாக அவரை வராந்தாவுக்கு இழுத்து வந்தோம். கண் திறந்ததும் அவர் கேட்டது:

"சவ்வுல ஈரம் பட்டுருச்சா?"

நான் எழுதிய செய்தி வெளிவரவில்லை. போன வாரம் கீர்த்திகா தொலைபேசியில் பேசினாள். சவ்வைக் கழற்றி எறிந்துவிட்டாளாம். குழாயைக் கழுவிக் காயவைத்து அலமாரியில் வைத்திருக்கிறாளாம்.

"குமிழி?"

"இருக்கு சார். சோப்புத் தண்ணியே இல்ல, இருக்கு. ஃபேன் ஓடுறப்போ மெதுவா ஏறி எறங்கும், தூங்குறவன் மூச்சு மாதிரி." குரல் தாழ்ந்தது. "இன்னைக்குக் காலையில ப்ரொபசர் அடுத்த சவ்வுக்குன்னு புது டேப் வாங்கிட்டு வந்தாரு. அதுலேருந்து நிக்காம அடிச்சுக்குது."