சீதன வீட்டு மாப்பிள்ளை

பினாங்கிலிருந்து கொழும்புக்கு ஓராண்டு படிக்க வந்தவள் மைமூன். கலியாண வழக்கங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதும்படி பேராசிரியர் அவள் தலையில் கட்டிவிட, தொண்ணூற்றேழாம் ஆண்டு ஒரு புழுக்கமான திங்கட்கிழமை மருதமுனையில் வந்து இறங்கினாள். தங்க இடம் கொடுத்தவள் நாச்சியா. மகள் நபீலாவுக்கு வெள்ளிக்கிழமை கலியாணம்.

வீடு நபீலாவுடையது. இந்தக் கிழக்குக் கரையில் பெண்ணுக்கு ஒரு வீட்டைக் கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம் பேசுவார்கள். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து குடியேற வேண்டும். மைமூனுக்கு இதைக் கேட்டு ஏகப்பட்ட சந்தோஷம். கொப்பி நிறையக் கிறுக்கித் தள்ளினாள். ஆனால் மணப்பெண்ணிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நபீலா சிரிக்கவுமில்லை, முகம் சுளிக்கவுமில்லை. வெள்ளையடித்த சுவர் மாதிரி இருந்தாள்.

காரணத்தை நாச்சியா குசினி அடுப்பருகே வைத்துச் சொன்னாள்.

"மகள், முந்திப் பேசின மாப்பிள்ள ஸமட். கலியாணத்துக்கு மூணு நாள் இருக்கக்குள்ள கடலுக்குப் போனவர். மையித்துக்கூடக் கரையொதுங்கல்ல. ரெண்டு வருசமா இவ ஆரோடயும் கதைக்கிறல்ல. இந்தக் கலியாணமாவது நடந்தாத்தான் என்ட புள்ள பழையபடி மனிசியாகும்."

புதன்கிழமை மாலை, அஸர் தொழுகை முடிந்த நேரம். நாச்சியா தையற்கடைக்குப் போயிருந்தாள். கலியாணத்தன்று மாப்பிள்ளை வாசலில் நிற்க, பெண்ணின் தம்பி செம்பில் நீரெடுத்து அவர் காலைக் கழுவி உள்ளே அழைப்பானாம். நபீலாவின் தம்பி றிஸ்வான் சொல்லியிருந்தான். எழுதினால் மட்டும் போதுமா, செய்து பார்த்தால்தானே தெரியும்! மைமூன் செம்பை எடுத்து, வெறும் வாசற்படியில் தண்ணீரை ஊற்றினாள்.

"உள்ளுக்கு வாங்க மாப்பிள்ள," என்றாள், றிஸ்வான் சொன்ன மாதிரியே.

காற்று நின்றது.

பாசி வாடை அடித்தது. கடலோ நாலு தெரு தள்ளி.

படியில் ஊற்றிய தண்ணீர் நேரே வழியவில்லை. இரண்டு பாதங்களின் அளவுக்கு இடம் விட்டு, சுற்றிக்கொண்டு ஓடியது.

பிறகு உள்ளே, சிமெந்துத் தரையில், ஓர் ஈரக் கால் தடம்.

இன்னொன்று.

தடங்கள் அவளைக் கடந்து, அவசரமில்லாமல், நபீலாவின் அறைக்குள் போயின. திரும்பி வரவில்லை. கத்த வேண்டும் என்று மைமூனுக்குத் தெரிந்தது. கத்த வரவில்லை. செம்பை எங்கே வைப்பது என்று மட்டும் யோசித்துக்கொண்டு நின்றாள்.

நபீலா அறை வாசலுக்கு வந்து தரையைப் பார்த்தாள்.

"ஆரு கூப்பிட்ட?"

"நான்தான்... சும்மா செஞ்சு பார்த்தேன்."

"ரெண்டு வருசமா வாசலிலதான் நிண்டவர்," நபீலாவின் குரல் காற்றாக வந்தது. "மாப்பிள்ள எண்டு ஒருத்தரும் கூப்பிடல்ல. அதாலதான் உள்ளுக்கு வரல்ல. உம்மாட்டச் சொல்லிராதீங்க."

மைமூன் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்; அந்தக் குற்றம் அவளுடையதுதான். தரையைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க உப்புப் பூத்தது.

வெள்ளிக்கிழமை மாலை, புது மாப்பிள்ளை மீராசா சம்மாந்துறையிலிருந்து ஆட்களோடு வந்து சேர்ந்தார். நிகாஹ் எழுத, பள்ளிவாசல் லெப்பை கூடத்தில் காத்திருந்தார். மைமூன் அறைக்குள், பட்டுடுத்திய நபீலாவோடு இருந்தாள். திரைச்சீலைக்கு வெளியே றிஸ்வான் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

"அஸ்ஸலாமு அலைக்கும்," என்றபடி மாப்பிள்ளை படியேறினார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

பதில் அறைக்குள்ளிருந்து வந்தது.

ஆண் குரல். வந்த விருந்தாளிக்கு வீட்டுக்காரன் சொல்லும் பதில்.



"உள்ளுக்கு ஆரு?" என்று மீராசா கேட்டார்.

கழுவின காலோடு அவர் படியிறங்கினார். வந்த ஆட்களும் பின்னாலேயே போனார்கள். "போகாதீங்க மாப்பிள்ள, அல்லாஹ்வுக்காக!" என்று நாச்சியா கெஞ்சியது தெருமுனை வரை கேட்டது.

நபீலா தலை தூக்கவில்லை. கட்டிலில் சற்று நகர்ந்து இடம் விட்டாள்.

அந்தப் பக்கம் மெத்தை அமிழ்ந்தது.