தண்ணி வந்துருச்சு

டெய்லர் வீட்டுச் சமையலறைத் தொட்டி ஈரமாக இருந்தது. ஆறு நாளாகப் பூட்டிக் கிடந்த வீடு. சாவிக்கொத்து குழாயக்காவின் இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. குழாயிலும் கசிவு இல்லை.

குழாயக்கா என்பது ஊர் வைத்த பேர். காலியான வீடுகளில் வாரம் ஒருமுறை குழாயைத் திறந்து மூன்று நிமிடம் ஓடவிடுவது அவள் வேலை. தேங்கினால் தண்ணீர் குழாய்க்குள்ளேயே கெட்டுப்போகும். ஊர் ஒன்றுதான், காலியான காரணம்தான் தெருவுக்குத் தெரு வேறு. துறைமுகப் பக்கம் கடல் வீட்டுக்குள் வந்தது. மேட்டுத்தெருவில் பிள்ளைகள் பிறப்பது நின்று, வயசானவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். இந்தக் குடியிருப்பிலோ, ஆலை மூடிய மறுமாதமே லாரிகள் வரிசை கட்டிவிட்டன. நாற்பது வீட்டில் மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

இன்று அவளும் போகிறாள். மகள் காரோடு வருகிறாள். நாளை கட்டடத்துக்கே தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். "செத்துப்போனவனுக்காக இன்னும் எத்தனை வருஷம்மா இங்கயே கெடப்பே?" என்று மகள் போனில் கேட்டிருந்தாள். கெட்ட தண்ணீர் குடித்து ஏழு வயதில் போன தன் தம்பியைத்தான் சொன்னாள். மகனைத் தனியே விட்டுவிட்டுப் போகிறோமே என்று நினைத்தபடியே குழாயக்கா தொட்டியருகே போனாள்.

குழாயைத் திறந்தாள். காற்று இருமி, துருவாசனையோடு செம்பழுப்பாகக் கொட்டி, மெல்லத் தெளிந்து, காலி வீட்டின் நான்கு சுவரிலும் மோதித் தண்ணீர் இரைந்தது. பழக்கத்தில் வாய் கூப்பிட்டுவிட்டது.

"தண்ணி வந்துருச்சு!"

தினம் ஒரு மணி நேரம் மட்டும் தண்ணீர் வந்த காலத்தில், அந்தக் குரலுக்கு நாற்பது வீடும் வாளியோடு ஓடிவரும். ஆளில்லாத வீட்டில் கூப்பிடுவது கிறுக்குத்தனம் என்று அவளுக்கே தெரியும். கூப்பிடாவிட்டால் மனசு ஆறாது.

உள்ளறையில் டொக் என்றது.

வாளியின் பிடி விளிம்பில் விழும் சத்தம். எலியாக இருக்கும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள். காது ஒப்பவில்லை.

அடுத்து வாத்தியார் வீடு. வாயை இறுக மூடிக்கொண்டு குழாயைத் திறந்தாள். அப்படியும் இரண்டு முறை கேட்டது. மேல்மாடியில் நர்ஸ் வீட்டில், சாவியைப் போடும் முன்பே.

டொக். டொக். டொக்.

மீதி வீடுகளை விட்டுவிட்டு இறங்கினாள். படியில் ஈரம். வட்ட வட்டமாக. வாளி வைத்து எடுத்த தடம். படிக்கு ஒன்று. எல்லாம் முதல் மாடியில் இருந்த அவள் வீட்டை நோக்கி.

தெருவில் ஹாரன் அடித்தது. உள்ளே ஓடிப் பையை எடுத்தாள். திரும்பினாள்.

வாசலில் ஒரு வாளி. நீலம். சின்னது. விரிசலில் அவளே காய்ச்சிய கத்தியால் உருக்கி ஒட்டிய தழும்பு. மகனோடு சேர்த்துப் புதைத்த வாளி.

அது தரையில் இல்லை. சிறுபிள்ளையின் முழங்கால் உயரத்தில், பிடி நிமிர்ந்து, லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

"அம்மா, நேரமாச்சு, வாம்மா," என்றாள் மகள் கீழிருந்து.

குழாயக்கா சமையலறைக்குத் திரும்பி நடந்தாள். பையைக் கீழே வைத்தாள். கை தானாகக் குழாயைத் திருகியது.

"தண்ணி வந்துருச்சு கண்ணு."

வாளி வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தது. அதன் பின்னால், படி நெடுக வரிசை கட்டிய நாற்பது வீட்டு வாளிகளிலும், ஒவ்வொரு பிடியாக நிமிர்ந்தது.