பெட்டியில் இல்லாத பெயர்

"நாளைக்கு எழுதுறேன்ப்பா" என்றாள் நெரிஸ்.

இதையேதான் ஆறு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். வேல்ஸ் நாட்டின் கடற்கரை ஊரை விட்டு, பிரான்சின் இந்தக் குட்டிக் கிராமத்துக்கு அவர்கள் குடிவந்து ஆறு வாரம் ஆகியிருந்தது.

அவர்கள் வீட்டுக்குப் போகும் பாதை, தார்ச்சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு தபால் பெட்டி நின்றது. முன்பு அந்த வீட்டில் இருந்தவர்களின் பெயரே அதில் இன்னும் இருந்தது: பெரிஷோன்.

"உனக்குத்தான் எழுத்து அழகா வரும். நம்ம பேரை நீயே எழுதிடு" என்று சொல்லி, அப்பா ஒரு தகரப் பலகையும் கறுப்புப் பெயின்ட்டும் வாங்கிக் கொடுத்திருந்தார். அதை வாங்க அவர் இரண்டு தடவை கடைக்குப் போக வேண்டியிருந்தது. முதல் தடவை, தெரிந்த அரைகுறை பிரெஞ்சில் பலகை கேட்டு, இஸ்திரி போடும் பலகையோடு வந்து நின்றார். திருப்பிக் கொடுக்க அவருக்கு வெட்கம். அம்மா இப்போது அதன்மேல்தான் காய் நறுக்குகிறாள்.

தகரப் பலகை நெரிஸின் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. பிரிட்சார்ட் என்று பெட்டியில் எழுதிவிட்டால், இங்கேயே தங்கிவிட்டோம் என்று ஆகிவிடும். எழுதாத வரைக்கும், அப்பா என்றைக்காவது ஒருநாள், "சரி, கிளம்புங்க, ஊருக்குப் போகலாம்" என்று சொல்லக்கூடும். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஊரில் காலையில் கண் விழிக்கும்போதே கடற்பறவைகள் கூரைமேல் சண்டை போடும். இங்கே மாடுகள்தான். அவை சண்டைகூடப் போடுவதில்லை. வேலி ஓரம் நின்று சும்மா பார்க்கும்.

எல்லாவற்றையும்விட, எலின் பக்கத்தில் இல்லை. "வாரம் ஒரு கடிதம் போடுறேன், சத்தியம்!" என்று சொன்னவள் எலின். வந்த அன்றே நெரிஸ் புது முகவரியை எழுதி அனுப்பினாள். பதிலே இல்லை. வீட்டில் டெலிபோன் இணைப்பும் இன்னும் வரவில்லை. கைப்பேசிக்கு அந்தப் பள்ளத்தாக்கில் சிக்னலே கிடையாது.

"அவளுக்கு வேற ஃப்ரெண்ட் கிடைச்சிருப்பா. அவளே மொதல்ல எழுதட்டும்" என்று நெரிஸும் எழுதுவதை நிறுத்திக்கொண்டாள்.

பெட்டியில் கடிதங்கள் வராமல் இல்லை. க்ளெமான்ஸ் பெரிஷோன் என்ற பெண்ணுக்கு மூன்று வந்திருந்தன. மூன்றிலும் பச்சை மை, போர்ச்சுகல் நாட்டு அஞ்சல் தலை. "யாராவது வந்து வாங்கிக்குவாங்க" என்று அம்மா அவற்றை மேசை டிராயரில் போட்டு வைத்தாள். யாரும் வரவில்லை.

புதன்கிழமை பள்ளி விடுமுறை. வழக்கமாக அம்மாவோடு சந்தைக்குப் போகும் நெரிஸ், அன்று போகாமல் பெட்டி அருகே காத்திருந்தாள். மஞ்சள் நிறத் தபால் வேன் வந்து நின்றது. ஜலதோஷத்தில் மூக்கு சிவந்த ஓர் இளம்பெண் எட்டிப் பார்த்தாள். அவள் பெயர் சொலாஞ்ச்.

"அக்கா, எனக்கு... கடிதம்... இல்லையா?" நெரிஸ் பள்ளியில் கற்ற பிரெஞ்சைத் தட்டுத்தடுமாறிப் பேசினாள்.

"உன் பேரு என்ன பாப்பா?"

"நெரிஸ் பிரிட்சார்ட்."

சொலாஞ்ச் தும்மப் போனவள் தும்மலையே மறந்துவிட்டாள். "பிரிட்சார்டா? அது நீதானா? நான் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தே ஒன்றரை மாசம்தான் ஆகுது. உங்களைப் பெரிஷோன் வீட்டுக்காரங்கன்னுல்ல நினைச்சேன்! பெட்டியில பேர் இல்லைன்னா கடிதத்தைத் திருப்பி அனுப்பிடணும். மூணு ஊதா உறையைத் திருப்பி அனுப்பிட்டேனே! டெலிபோன்காரங்க போட்டதும் ஒண்ணு போச்சு. இது நாலாவது ஊதா."

அவள் நீட்டிய உறையில் எலினின் கையெழுத்து. நெரிஸ் அங்கேயே அதைப் பிரித்தாள்.

"நான் போட்டதெல்லாம் திரும்பி வருது. உனக்கு என்னைப் பிடிக்கலையோன்னு நினைச்சேன். முகவரியில ஏதோ தப்புன்னு அம்மா சொல்றாங்க. அதான் கடைசியா ஒரு தடவை எழுதறேன். பஸ்ல உன் சீட்ல என் பையை வச்சுக்கிறேன். வேற யாரையும் உட்கார விடலை."

எழுத்துகள் கலங்கின. சொலாஞ்ச் தன் காகிதக் கைக்குட்டைக் கட்டிலிருந்து ஒன்றை உருவி நீட்டினாள். "எடுத்துக்கோ. எங்கிட்ட நிறைய இருக்கு."

மூக்கைத் துடைத்த நெரிஸ் சட்டென்று நிமிர்ந்தாள். "அக்கா, போயிடாதீங்க!"

வீட்டுக்கு ஓடி, டிராயரைத் திறந்து, மூன்று கடிதங்களோடு மூச்சிரைக்க வந்தாள். "இந்த க்ளெமான்ஸும் காத்துக்கிட்டு இருப்பா. எங்க போயிட்டாளோ தெரியாது."

"மேயர் ஆபீஸ்ல கேட்டா புது முகவரி சொல்லுவாங்க. நான் அனுப்பிடறேன்."

"இன்னிக்கேயா?"

"இன்னிக்கேதான்."

நெரிஸ் அவளிடம் பேனா வாங்கி, மேலே இருந்த உறையின் பின்புறம் எழுதினாள்: "மன்னிச்சுக்கோ. இதெல்லாம் எங்க வீட்டுல இருந்துச்சு. உன் ஃப்ரெண்ட் உன்னை மறக்கலை."

அவள் பிரெஞ்சில் இரண்டு இடத்தில் பிழை. சொலாஞ்ச் அதைப் படித்துவிட்டு, திருத்தாமல் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அப்பா கூரையில் ஓடு மாற்றிக்கொண்டிருந்தார். நெரிஸ் ஏணியின் கீழே நின்றாள்.

"அப்பா, டெலிபோன் வராததுக்கு நான்தான் காரணம்."

அவர் இறங்கி வந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். "பேர் எழுதிட்டா நாம ஊருக்குத் திரும்பவே மாட்டோம்னு நினைச்சேன்."

அப்பா ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். "தினமும் காலையில கதவைத் திறக்கறப்போ, உப்புக்காத்து வரும்னு என் மூக்கு காத்துக்கிட்டு நிக்குது. மாட்டுச் சாண வாசனைதான் வருது."

நெரிஸுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "உங்களுக்குமா?"

"எனக்கும்தான் செல்லம். அங்க திரும்பிப் போய் இருக்க முடியாது. ஆனா கோடை லீவுக்குப் போகலாம். அது சத்தியம்."

அன்று மதியம் முதல் வேலையாக எலினுக்கு நான்கு பக்கம் எழுதினாள். பிறகு தகரப் பலகையை எடுத்தாள். பிரிட்சார்ட் என்ற பெயருக்கு ஆங்கிலத்தில் ஒன்பது எழுத்து வேண்டும். எட்டாவது எழுத்திலேயே இடம் தீர்ந்துவிட்டது. கடைசி எழுத்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நின்றது. அப்பா அதை அப்படியே பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்.

அடுத்த புதன்கிழமை மஞ்சள் வேனின் ஹாரன் கேட்டது.

"மத்மொசேல் ப்ரிஷார்!" சொலாஞ்ச் சாலையிலிருந்தே கத்தினாள்.

செல்வி பிரிட்சார்ட் என்பது பிரெஞ்சு வாயில் கொஞ்சம் நசுங்கித்தான் வந்தது. ஆனாலும் இந்த மண்ணில் ஒருவர் அவளைத் தேடி வந்து, பெயர் சொல்லிக் கூப்பிடுவது இதுவே முதல் தடவை.

"இதோ வந்துட்டேன்!" என்று செருப்புகூடப் போடாமல் ஓடினாள் நெரிஸ்.