மூடியிட்ட வாளி

குடல் இரைந்தது. ஆனால், அவள் வயிற்றுக்குள் அல்ல.

ராஹேரா கரண்டியைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுக் காது கொடுத்தாள். கூரைத் தகரத்தில் மழை. அதற்கும் அப்பால் கடல். இவ்விரண்டின் நடுவே, பட்டினி கிடந்த மனிதனின் வயிற்றில் நீர் உருள்வதைப் போன்ற அந்த ஓசை, சமையலறை மூலையில் ஃப்ரீசர் நின்ற பக்கமிருந்து எழுந்து ஓய்ந்தது. அவள் வயிறோ ஊமையாய்க் கிடந்தது. அறுவையின்போது இடப்புறம் திறந்துவிட்ட துளையும், மலம் சேர அதன்மேல் ஒட்டியிருந்த கண்ணாடி போன்ற பையும், வீடு திரும்பிய நாள்முதல் உலர்ந்தே இருந்தன. மருத்துவமனையில் இயங்கிய குடல் இந்த வாசலைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

"நாளைக்கும் பை இப்படியே இருந்தா திரும்பக் கத்திதான், ராஹேரா. நான் சும்மா பயமுறுத்தல" என்று, ஆற்றின் இக்கரையில் குடியிருக்கும் தாதி காலையில்தான் வந்து சொல்லிப் போயிருந்தாள்.

இன்னொரு கத்தி! எந்த உடம்பை வைத்துக்கொண்டு அதைத் தாங்குவது? முதல் கத்திக்கு முன்பே அவளைக் காலி செய்துவிட்டார்கள். எலுமிச்சை மணமும் கடல்நீர்ச் சுவையும் கொண்ட மருந்தைக் குவளை குவளையாய்க் குடித்து, தெளிந்த நீர் மட்டுமே வரும்வரை கழிப்பறையில் குந்தியிருந்தபோதே, தான் என்று சொல்ல உள்ளே எதுவும் மிஞ்சவில்லை என்று தோன்றியது. குற்றம் எவருடையது? மலத்தில் குருதி கண்ட அன்றே வாய் திறந்திருக்கலாம். உண்டதைப் பற்றி நாளெல்லாம் பேசும் மனித இனம், அது வெளியேறும் வழியைச் சொல்ல மட்டும் நாணிச் சாகிறது. அவளும் நாணினாள். நாணத்துக்கு விலையாகக் குடலைக் கொடுத்தாள்.

தம்பி ஹோனே ஈர விறகோடு உள்ளே வந்தான்.

"என்னக்கா, ஏதாச்சும் சத்தம் கேட்டுச்சா?"

"இல்லடா."

"அந்தப் பை ஒரே ஒரு தடவ பலூன் மாதிரி ஊதட்டும். ஊரையே கூப்பிட்டு விருந்து வச்சிடறேன்."

"சிரிக்க வைக்காதடா, பாவி. தையல் பிரிஞ்சிடும்." சிரிப்பு வலியாகி அடங்கியதும் கேட்டாள்: "அதைப் பொதச்சிட்டியா?"

அறுத்தெடுத்த குடலை மருத்துவரிடம் கேட்டு வாங்கியிருந்தாள். தம் உடம்பின் துண்டை மருத்துவமனை நெருப்புக்கு விட அவள் குடும்பத்தில் எவருக்கும் மனம் வராது. அது ஆற்றின் அக்கரையில், தாயின் கல்லறைக்கு அருகே மண்ணுக்குள் போகவேண்டும்.

ஹோனே விறகை அடுக்கினான். கலைத்தான். மறுபடியும் அடுக்கினான். "ஆத்துல வெள்ளம்க்கா. பாலம் முங்கிக் கெடக்கு. எப்படிப் போறது?"

"அப்ப எங்க வச்சிருக்க?"

"கராக்கியா மந்திரம் ஓதிட்டுத்தான் வச்சேன். வாளிய நல்லா மூடி, அதுமேல மூணு பை சுத்தி... கெட்டுப்போயிடுமேன்னு..."

"எங்கடா?"

அவன் கண்கள் ஃப்ரீசர் பக்கம் போயின.

உள்ளாடையையும் பாத்திரத் துணியையும் ஒரே நீரில் நனைக்காத வீடு அது. சோறுண்ணும் மேசையில் கைக்குழந்தையைக்கூட உட்கார விடாத வீடு.

"அதே பெட்டியில இருந்து எலும்பு எடுத்துத்தானடா எனக்குச் சூப்பு வச்ச?"

"அது அடியில இருந்துச்சுக்கா... எலும்பும் சிப்பியும் மேலதான்..." அவன் வண்டிச் சாவியை எடுத்தான். "பெரியப்பா இக்கரையிலதான இருக்காரு, கையோட கூட்டியாறேன். அவரு ஓதினா சரியாயிடும். நீ அதத் தொடாத."

வண்டியின் உறுமல் மழைக்குள் கரைந்தது. மாலை வெளிச்சம் சன்னலில் சாம்பலாகி நின்றது.

மீண்டும் அந்த இரைச்சல். இம்முறை நீண்டது. பின் வேறோர் ஒலி: ஓடு நொறுங்கும் ஒலி.

அப்போது அவள் இடுப்பில் ஏதோ கனத்தது. பை! பை நிறைகிறது! கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை, இனி ஒன்றும் இல்லை. நன்றியில் கண் கலங்க, சட்டையை உயர்த்தி உள்ளங்கையைப் பையின்மேல் வைத்தாள்.

பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது.

குனிந்து பார்த்தாள். மஞ்சள் சதை. வேகாத சிப்பிச் சதை. மென்று அரைத்தது. விளிம்பில் இன்னும் உறைபனி.

அவள் உண்டது சூப்பு மட்டுமே.

சுவரைப் பிடித்து நடந்தாள். பெட்டியைத் திறந்தாள். சிப்பி ஓடுகள், வெறும் ஓடுகள். நக்கி வெளுத்த பன்றி எலும்புகள். அவற்றின் நடுவே வெள்ளை வாளி. சுற்றிய பைகள் கிழிந்திருந்தன. உள்ளிருந்து.

வாளியின் மூடி உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது. ஒவ்வொரு முறை தாழ்ந்தபோதும் அவள் பை கனத்தது.

பிறகு மூடி நின்றது. பெட்டியில் உண்ண எதுவும் மிச்சமில்லை.

இரைச்சல் கேட்டது. பசி தீராத இரைச்சல்.

மூடி முழுவதும் திறந்தது.